ஒவ்வொருவரும் கதவை மூடிவிட்டுச் செல்லவும்

பெருமதிப்பிற்குரிய வில்ஃப் மாமா அவர்களுக்கு,

ஹேசல் எழுதுவது. இங்கே அம்மாவும் அப்பாவும் நானும் உங்கள் பூனையும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் புது இடுப்பும் ஒருவரோடொருவர் ஒத்துப்போகத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறோம். மருத்துவமனைச் சாப்பாட்டைத் திட்டி நீங்கள் எழுதிய கடிதத்தை அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, நீங்கள் நன்றாகத் தேறிவருவதாகச் சொன்னாள்.

நிற்க. ஓட்டப்பந்தய லீக் செயலாளர் வேலையிலிருந்து நான் விலகுகிறேன். நன்றாக யோசித்து எடுத்த முடிவு இது, மாற்றுவதாக இல்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நடந்ததை நீங்கள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன், நானே முழுவதும் எழுதிவிடுகிறேன்.

உங்களை ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன், விதிப் புத்தகத்தையும், ஓடி முடிப்பவர்களுக்கு வந்த வரிசைப்படி கொடுக்கும் எண் போட்ட தகர வில்லைகள் இருந்த பிஸ்கட் டப்பாவையும் என் கையில் கொடுத்து, "யார்கிட்டயும் பேச வேண்டியதே இல்ல கண்ணு, எல்லாம் எழுதற வேலைதான்" என்றீர்கள். அதை நம்பித்தான் தலையாட்டினேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, எழுந்து நின்று வாசி என்று சொல்வார்கள் என்பதால்தான் என்று உங்களுக்குத் தெரியும். செருப்புத் தொழிற்சாலை எனக்குப் பிடித்திருப்பதற்கும் அதுதான் காரணம். அங்கே இயந்திரங்கள் போடும் சத்தத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் உங்கள் லீக்கில் எழுதும் வேலை கால்பங்குதான் மாமா. மீதி முக்கால்பங்கு ஆட்களிடம் கேட்பது. நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதை எழுதியவரே நீங்கள். நாலு கிளப்பிலாவது ஆறு ஆறு பேர் ஓடி முடித்தால்தான் போட்டி செல்லும். ஒரு பருவத்தில் இரண்டு போட்டிகள் செல்லாமல் போனால் லீக்கையே கலைத்துவிட வேண்டும். அக்டோபர் போட்டியில் மூடுபனிக்குள் முன்னால் ஓடியவர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட, அவர் பின்னால் போன முப்பது பேரும் பஸ் பிடித்துத் திரும்பி வந்தார்கள். ஆகவே அது போயிற்று. சனிக்கிழமையும் போனால் உங்கள் பத்தொன்பது வருட உழைப்பு என் கையில் செத்துப்போகும். போதாததற்கு ஐந்து கிளப்பில் ஒன்றில் காய்ச்சல் பரவி, நாலு பேரைத்தான் அனுப்புவோம் என்று வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. மிச்சமிருந்த நாலு கிளப்பிலும் ஆறு பேர் முழுசாக முடித்தாக வேண்டும். மற்ற மூன்றில் ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆக்கன்ஷா கிளப்பில்தான் மொத்தமே ஆறு பேர், அதில் ஒரு ஆள் குறைந்தாலும் எல்லாம் முடிந்தது.

ஓட்டப் பாதை போகும் மேட்டு நிலத்துக்காரர் டாட்டர்சாலைப் பார்க்க அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "என் கிடாவைப் பெட்டைகளோட விட்டிருக்கற நேரம் இது. மேட்டுக் கதவு ஒரே ஒரு தடவை திறந்து கிடந்தாலும், அப்புறம் இந்த மண்ணுல உங்காளு ஒருத்தன் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொருத்தனும் மூடிட்டுப் போகணும். ஒவ்வொருத்தனும்! காதுல விழுந்துதா பொண்ணு?" என்றார். விழுந்தது என்று தலையாட்டினேன். நீங்களாக இருந்தால் அந்தக் கதவுக்கு ஒரு ஆளை நிறுத்தியிருப்பீர்கள். எனக்கும் அது தெரியும். ஆக்கன்ஷா கிளப்பின் தலைவர் ஹாரல்ட் பில்லிங்கிடம் ஓடாத ஆள் ஒருவரைக் கேட்கலாம் என்று அவர் வீட்டு வாசல் வரை மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் அவரே கதவைத் திறந்து, "என்ன கண்ணு, ஏதாவது வேணுமா?" என்று கேட்டுவிட்டார். அவர் தபால்காரர் என்பது மட்டும்தான் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதனால் பலகை எழுதினேன். டாட்டர்சால் சொன்னபடியே, வெள்ளைப் பெயின்டில், கொட்டை எழுத்தில்: "ஒவ்வொருவரும் கதவை மூடிவிட்டுச் செல்லவும். தயவுசெய்து." அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சங்கிலியைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் முனையில் இருக்கும் கயிற்றை முடிச்சுப் போட வேண்டும். பலகையை மாட்டியபோது நானே கட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எழுபத்தோரு பேர், ஆளுக்கு இரண்டு சுற்று ஓட்டம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிச்சு என்று அப்போது எனக்குக் கணக்குப் போடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு எல்லோரும் கோட்டில் வந்து நின்றார்கள். ஓட்டம் தொடங்கச் சுடும் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் விசில் கொண்டுபோயிருந்தேன். எழுபத்தோரு ஆண்கள் அரைக்கால்சட்டையோடு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றால் விசில் எப்படி ஊதும் மாமா? ஊதினேன். யாரும் நகரவில்லை. "ஊதினது நீயா தங்கச்சி, காத்தா?" என்று ஒருவன் கேட்டான். "மூக்கைச் சிந்துதுடா பாவம், விடு" என்றான் இன்னொருவன். நான் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஊதினேன். கண்ணைத் திறந்தபோது எதிரே ஒருவரும் இல்லை, சேறு மட்டும்தான் இருந்தது.

ஒரு சுற்றுக்குப் பதினேழு நிமிடம் ஆகும் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது. சரியாகப் பதினேழாவது நிமிடத்தில் டெரிக் நட்டால் தனியாக வந்தார். ஆக்கன்ஷா கிளப் ஆள், பஸ் ஓட்டுகிறாரே, முன்பல் இல்லாதவர், அவர்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வந்தார். அதே அளவு நேரம் கழித்து இன்னொருவர். பிறகு இன்னொருவர். எங்கள் தொழிற்சாலையில் ஓடும் பட்டையின் மேல் செருப்புகள் வருவதுபோல ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தார்கள். யாருக்கும் மூச்சுக்கூட வாங்கவில்லை. ஒருவருக்குக் குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுப்பதற்குள் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசியில் எங்கள் பக்கத்துவீட்டு சிரில் அண்ணன்தான் நின்று சொன்னார்: "மேட்டுக் கதவுல வரிசை நிக்குது ஹேசல். சுவர் ஓரமா ஓடை வரைக்கும் போயிடுச்சு. ஒருத்தன் தொறந்து, உள்ள போயி, மூடி, முடிச்சுப் போட்டுட்டு ஓடறான். அப்புறம் அடுத்தவன் முடிச்சை அவுக்கறான்."

"பிடிச்சுக்கிட்டு நிக்கலாமே, எல்லாரும் போற வரைக்கும்?" என்றேன்.

"பலகை போட்டிருக்கே" என்றார் சிரில் அண்ணன், நான் ஏதோ சர்ச்சில் சத்தமாகச் சிரித்துவிட்டதுபோல.

நான் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றியிருக்கலாம். ஆனால் முடிவுக் கோட்டில் வில்லை கொடுக்க என்னைத் தவிர ஆள் இல்லை. அங்கேயே நின்றேன். இரண்டாம் சுற்றில் முதலில் வந்தது டெரிக். அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஒன்றாம் எண் வில்லையைக் கொடுத்தேன். அவர் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு, டீயும் பட்டாணியும் வைத்திருந்த தள்ளுவண்டி மேல் உட்கார்ந்தார். அடுத்து வந்தவர் வில்லையைக்கூட வாங்காமல், "சுவரேறினவன் எங்கே?" என்று கேட்டார். அதற்கடுத்தவரும் அதையே கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

நடந்தது இதுதான். டெரிக் இரண்டாம் சுற்றில் மேட்டுக்கு வந்தபோது, முதல் சுற்றுக்காரர்கள் இருபத்துச் சொச்சம் பேர் இன்னும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் பின்னால் போய் நிற்காமல், சுவரில் கைவைத்து ஏறிக் குதித்துப் போய்விட்டார்.

ஹாரல்ட் பில்லிங் முப்பத்தெட்டாவதாக வந்தார். நேராகத் தள்ளுவண்டிக்குப் போனார். "டெரிக், நீ நம்ம கிளப்பு. என் தங்கச்சி புருஷன் வேற. ஆனா வரிசையில நின்ன ஆளுங்க முன்னாடி குதிச்சவனை என் டீம்ல எழுத மாட்டேன்."

"ஓட்டப் பந்தயம்யா இது! ரேஷன் கடையா?"

"தினம் பஸ் ஸ்டாப்புல வரிசையைப் பாக்கறவன் நீ. நீயே இப்படிப் பண்ணலாமா?"

"வரிசையில பின்னாடி வந்து முன்னாடி ஏறறவனை நீ என்ன பண்ணுவ டெரிக்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"இறக்கி விட்ருவேன்" என்று டெரிக் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

டெரிக் இல்லாவிட்டால் ஆக்கன்ஷாவில் ஐந்து பேர்தான். நான் விதிப் புத்தகத்தை ஹாரல்டிடம் நீட்டி, ஒன்பதாம் விதியில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "லீக் போகும்னு தெரியுது கண்ணு. வில்ஃபுக்கு நான் கடிதாசி எழுதறேன். ஆனா வரிசைன்னா வரிசைதான்" என்றார். மற்ற மூன்று கிளப் தலைவர்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக் கட்டிலில் நீங்கள் ஹாரல்டின் கடிதத்தைப் பிரிப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் வில்லை கொடுத்து முடித்தபோது இருட்டுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நான் டெரிக் எதிரே போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒழுங்காக அடுக்கித்தான் போனேன். நீங்கள் திரும்பிப் போய்க் கதவு வழியாக வந்தால் முறைப்படி முடித்ததாக எழுதிக்கொள்வேன், உங்கள் கிளப்பும் நிற்கும், லீக்கும் நிற்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. வாயிலிருந்து வந்தது மட்டும், "கதவு அங்கேயேதான் இருக்கு."

"என்னது?"

"திரும்பிப் போயி... அது வழியா வரணும்."

"நான் மொதல் ஆளு பாப்பா! மறுபடி போயிட்டு வந்தா கடைசி ஆளு ஆயிடுவேன். அது உனக்குத் தெரியுதா?"

தெரியும் என்று தலையாட்டினேன். கையை நீட்டினேன், ஒன்றாம் எண் வில்லைக்காக. நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று தெரியாததால் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. "வில்ஃபோட ரத்தம்யா, அசைய மாட்டேங்குது பாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். டெரிக் என் கையைப் பார்த்தார், ஹாரல்டைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். வில்லையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் டீக் கோப்பையும் வினிகர் ஊற்றிய பட்டாணியுமாக அவர் பின்னால் மேட்டுக்கு நடந்தார்கள். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. டெரிக் கதவில் கை வைக்கப் போனார். "யோவ், கடைசியில நில்லு" என்றார் ஹாரல்ட். "எதோட கடைசியில? ஆளே இல்லையே!" "அது எங்களுக்கும் தெரியும். நில்லு." டெரிக் பத்தடி பின்னால் போய்த் தனியாக வரிசையில் நின்றார். ஹாரல்ட் தலையசைத்ததும் வந்தார், முடிச்சை அவிழ்த்தார், திறந்தார், உள்ளே போனார், மூடினார், இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு அவர் கீழே ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. எழுபத்தோராவதாக வந்தார். முதலில் வந்தவருக்குத் தட்டாத கையெல்லாம் அவருக்குத் தட்டினார்கள். ஆக்கன்ஷா நாலாம் இடம், அதாவது கடைசி. ஆனால் ஆறு பேர். தாளில் கையெழுத்துப் போட்டேன். போட்டி செல்லும். லீக் இருக்கிறது.

ஆக, நான் ஏற்றுக்கொண்டதைச் செய்துவிட்டேன். இதற்கு மேல் என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுத்தே கிடந்தேன், காய்ச்சல் இல்லை, வெட்கம்தான். வில்லைகள் எழுபத்தொன்றும் கழுவித் துடைத்து டப்பாவில் இருக்கின்றன. டப்பாவை ஹாரல்ட் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, அவர் திறப்பதற்குள் வந்துவிடுவதாகத் திட்டம். ஜனவரிப் போட்டிக்கு நிலமும் இல்லை, ஆளும் இல்லை. அது என் பொறுப்பும் இல்லை. என்னை மாற்றுவதற்காக நீங்கள் கடிதம் எழுத வேண்டாம், படித்தாலும் மாற மாட்டேன்.

அம்மாவின் அன்பும், அப்பாவின் வழக்கமான தலையாட்டலும் இத்துடன் வருகின்றன. உங்கள் எலும்புகள் ஒன்றுவிடாமல் கூடி, கிறிஸ்துமஸுக்குள் நீங்கள் எங்கள் மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறி வர வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் சொல் தட்டாத (இந்த ஒரு விஷயம் தவிர),
ஹேசல்

பின்குறிப்பு: திங்கள் மாலை. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டாட்டர்சால் வந்து வாசலைத் தட்டினார். நான் நிலக்கரிக் கொட்டகைக்குள் போய்விட்டேன். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவர் தொப்பியைக் கழற்றினார். "இருபத்தாறு வருஷமா அந்தக் கதவு நிக்குது. காலாற நடக்க வர்றவன் மூடினதில்ல. வேட்டைக்கு வர்ற துரைமார் மூடினதில்ல. என் சொந்த மச்சான் மூடினதில்ல. உங்காளுங்க நூத்து நாப்பத்திரெண்டு தடவை மூடினாங்க. களத்துல நின்னு எண்ணினேன். அதுல கடைசித் தடவை, எல்லாம் முடிஞ்சப்புறம், ஒருத்தன் மறுபடி தனியா ஏறி வந்து, வரிசை முறைப்படி நின்னு, சரியா மூடிட்டுப் போனான் பாரு... எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு பொண்ணு" என்றார். ஜனவரிப் போட்டிக்குக் கீழ் நிலத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் "சரி" என்றேன். அடுப்படியில் இருந்த அம்மாவுக்கே கேட்டதாம். ஆகவே, மேலே "நிற்க" என்று தொடங்கி விலகுவதாக எழுதியதை அடித்துவிடுங்கள். தேதி பதினெட்டு. கீழ் நிலத்தில் மூன்று கதவுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆள் வேண்டும் என்று நாளைக் காலை ஹாரல்டிடம் நேராகக் கேட்டுவிடப் போகிறேன். ஒருவேளை மறுபடி தபால்தலை வாங்கும்படி ஆகிவிட்டால் மூன்று பலகை எழுத வேண்டியிருக்கும், அதற்கு இன்னொரு டப்பா வெள்ளைப் பெயின்டை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மறுதபாலில் எழுதவும்.