ஆறில் மூன்று முடியாதவருக்கு மட்டும்

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் மாரிசாமி அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை லிங்கப்பன் வணக்கத்துடன் எழுதுவது. ஹனூரில் நீங்களும் அக்காவும் டிராக்டரும் சுகமாக இருக்கச் சாமுண்டித் தாயை வேண்டுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அத்தனை சந்தோஷம்!

உங்கள் தங்கை பாப்பாயி இடுப்பெலும்பு முறிந்து படுத்து நாலு மாதமாகிறதல்லவா, அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, தலை வாருவது, ரசம் வைப்பது எல்லாம் நான்தான். எழுபத்திரண்டு வயதில் நானும் விழுந்தால் இவளை யார் பார்ப்பார் என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று. ஆள் வைக்க என் பென்ஷன் தாங்காது. ஆகவே இன்சூரன்ஸைக் கரைத்துக் குடித்தேன். அரசாங்கக் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோனால், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உண்டு, வீட்டில் படுத்தால் கிடையாது என்கிறார்கள். "அப்ப கட்டிலோட இங்கயே கொண்டாந்து போட்டுரட்டுங்களா?" என்று கேட்டேன், கவுன்டர் பெண் சிரிக்கவில்லை. கடைசியில் பீரோவில் அகப்பட்டது பாருங்கள், மகன் உதயகுமார் எப்போதோ எடுத்துக்கொடுத்த நீண்டகாலப் பராமரிப்பு பாலிசி! குளிப்பது, உடுப்பது, உண்பது, நடப்பது, கழிவறை போவது, கட்டிலை விட்டு எழுவது, இந்த ஆறில் மூன்று தானாகச் செய்ய முடியாவிட்டால் மாதாமாதம் ஆள் கூலி தருவார்களாம். முதலில் வீட்டுக்கு வந்து சோதிப்பார்களாம்.

நேற்று அந்தக் கம்பெனியிலிருந்து ஹேமந்த் என்று ஒரு தம்பி கேள்விப் படிவத்தோடு வந்தார். "அம்மா தானே குளிப்பாங்களா?" "முடியாதுங்க" என்றேன் நான். "சீலை உடுத்துவாங்களா?" "முடியாதுங்க." மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறந்தார், மச்சான், அப்போதுதான் நடந்தது! "ஏனுங்க, வூட்டுக்கு வந்தவிங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம இதென்ன பேச்சு?" என்று உங்கள் தங்கை கட்டிலை விட்டு இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டாள்! "காபி பேடாம்மா, வேண்டாம்" என்று அந்தத் தம்பி பின்னாலேயே ஓடினார். போட்டாள், ஆற்றினாள், சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள். தம்பி குடித்துவிட்டு ஆறு கேள்விக்கும் "முடியும்" என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பாலிசி போனால் போகட்டும்! அவர் தெருமுனை தாண்டியதும் மறுபடி படுத்துவிட்டாள் என்பது உண்மைதான். ஆனால் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளி வந்தால் படுத்திருக்க மாட்டாள், உங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. ஆகவே தினம் ஒருவரை அழைக்கப்போகிறேன். முதல் ஆளாக நீங்கள் கடிதம் கண்டதும் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்புங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி, மாடு கன்றுகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
லிங்கப்பன்

பின்குறிப்பு: அண்ணா, பாப்பாயி எழுதறேன். அவரு கடிதாசிய மடிச்சு வெச்சுட்டு, தபால் கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. எனக்கு நடக்க வந்து ஒரு மாசமாச்சு. அவரு வெளிய போறப்பல்லாம் பாதி வேலைய நானே முடிச்சு வெச்சுடறேன், அவருக்குத் தெரியாது. கம்பெனிக்காரன் பணம் குடுத்தா வேற ஆள் வெச்சிருவாரு, அதனாலதான் நேத்து எந்திரிச்சேன். கல்யாணமாகி நாப்பத்தாறு வருசத்துல இந்த மனுசன் என் தலைய வாரிவிட்டது இப்பத்தான். தீபாவளி வரைக்கும் வந்துடாதீங்க.