மாப்பிள்ளை செய்த ஸ்டூல்

"ஆரம்பிங்க மாப்ளே!" என்று மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டின் பின்னால் இருந்த ஷெட்டில், மேசை ரம்பத்தின் முன்னால் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேசையின் நடுவே வட்டமான பிளேடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்துப் பிரிவு குமாஸ்தா. யாருக்கு எந்த விரல் எந்த மெஷினில் போனது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவர் ஏன் ரம்பம் வாங்கினார் என்றால், ஆசை யாரை விட்டது? மனைவி வேண்டாம் என்றதை மீறி வாங்கினார். ஒரே ஒரு முறை சுவிட்சைப் போட்டார். அது போட்ட கூச்சலில் அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுகூட விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அதற்காக வாங்கிய சாமான் சும்மா கிடந்தால் மனைவி முன்னால் மானம் என்ன ஆவது? நாலு தெரு தள்ளியிருந்த மரச்சாமான் கடையில் ஒரு ஸ்டூலை வாங்கி வந்து, "நானே செஞ்சேன்" என்று காட்டினார். மனைவி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். "கால் கொஞ்சம் ஆடும். அடுத்தது சரியா வரும்" என்றாள். சொன்னபடியே ஆடியது. அடுத்தது ஆடவில்லை. இப்படியே வீட்டில் ஆறு ஸ்டூல் சேர்ந்துவிட்டது. உட்காரத்தான் ஆளில்லை.

இந்தப் புகழ் மனைவியின் அண்ணன் காதுக்குப் போயிற்று. "என் பொண்ணுக்கு ஒரு ஸ்டூல். என் கண் முன்னாலயே செஞ்சு தரணும்" என்று பலகையும் கையுமாக வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளை ஆபீஸுக்கு லீவு போட வேண்டியதாயிற்று. குட்டு வெளிப்பட்டால் மாமியார் வீட்டில் காலம் முழுக்கச் சிரிப்பார்கள். வெளிப்படாமல் இருக்க வேண்டுமானால் விரலைப் பணயம் வைக்க வேண்டும். இரண்டில் எது தேவலை என்று அவருக்குப் புரியவில்லை.

"கண்ணுக்குக் கண்ணாடி போடாம ஆரம்பிக்கவே கூடாது மச்சான். அதைத்தான் காணோம்."

"இந்தாங்க," என்று மனைவி சமையலறையிலிருந்து கொண்டு வந்தாள். "வெங்காயம் நறுக்கறப்ப போட்டுக்கிட்டேன்."

வேறு வழியில்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கனமான கையுறை ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார்.

"ஐயோ, கையுறை வேண்டாங்க! பல்லுல மாட்டுச்சுன்னா கையையும் சேர்த்து இழுத்துடும். சட்டையை மடிச்சு விடுங்க. மோதிரத்தைக் கழட்டுங்க."

மச்சான் அசந்துபோனார். "இவளுக்கே இவ்வளவு தெரியுதே!"

"எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்," என்றார் மாப்பிள்ளை. சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. இருந்த நடுக்கத்தில் அதையெல்லாம் யார் ஆராய்வது?

சாக்குகள் தீர்ந்துவிட்டன. பலகையைப் பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

ரம்பம் ஊளையிட்டது. அடுத்த நொடி மாப்பிள்ளை ஷெட்டில் இல்லை. கால்கள் அவரைக் கேட்காமலேயே வீட்டுக்குள் ஓடின, கை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது.

"கரண்ட் போயிடுச்சு மச்சான்!" என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "இனிமே எப்ப வருமோ!"

"பக்கத்து வீட்டுல டிவி அலறுதே. இருங்க, நான் என்னன்னு பாக்கறேன்." மச்சான் எழுந்து, நம்மால் ஆன உதவி என்று பலகையைப் பிளேடு வரை தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.

ரம்பத்தின் சுவிட்சு போட்டபடியே இருப்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. "வேண்டாம் மச்சான்!" என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பலகைக்கு நேர் எதிரே நின்றிருந்தார். காலும் நகரவில்லை. இத்தனை வருஷமாக அவர் மேசையைக் கடந்து போன அத்தனை விபத்துகளும் மொத்தமாகக் கண்முன் வந்து நின்றன. கதை முடிந்தது என்றே நினைத்தார்.

ஒரு கை அவர் சட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. பிளேடு கவ்வி எறிந்த பலகை அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் பறந்து, மச்சான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சாய்த்து, சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. மனைவி ஓரமாகவே நடந்து போய், முழங்காலால் சுவிட்சை அணைத்தாள்.

"பிளேடுக்கு நேரா நிக்கக் கூடாதுங்க. மறந்துட்டீங்களா?"

"ம... மறந்துட்டேன்."

திரும்பி வந்த மச்சான் இரண்டு துண்டுகளையும் கண்டு வாயைப் பிளந்தார். "அட, நான் வர்றதுக்குள்ள அறுத்தே முடிச்சுட்டீங்களே! இது போதாது மாப்ளே, நான் பார்த்தே ஆகணும். கார்ல இன்னொரு பலகை இருக்கு."

"பலகையைத் தள்ளுற கட்டை உடைஞ்சு கிடக்கு. ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன்!" என்று பதிலுக்குக் காத்திராமல் மாப்பிள்ளை தெருவில் இறங்கிவிட்டார்.

மரச்சாமான் கடை வாசலில்தான் போய் நின்றார். ஒரு ஸ்டூலைப் பின்வாசல் வழியே கொண்டுபோய், "முன்னாடியே செஞ்சு வெச்சிருந்தேன்" என்று மச்சான் தலையில் கட்டிவிட்டால் விரலும் தப்பும், மானமும் தப்பும்.

"வழக்கமான ஸ்டூல் ஒண்ணு கொடுங்க. சீக்கிரம்!"

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இன்னைக்கு சரக்கே வரலை சார். செஞ்சு கொடுக்கிற அம்மா காலையிலயே போன் பண்ணிட்டாங்க."

"ஏன், அவங்களுக்கு என்ன?"

"ஊர்லேருந்து அவங்க அண்ணன் வந்திருக்காராம், வீட்டுக்காரர் வேற லீவு போட்டுட்டு மெஷினை விட்டு நகர மாட்டேங்கிறாராம். நாளைக்கு அந்த மனுஷன் ஆபீஸ் கிளம்பட்டும் சார், உங்களுக்குன்னே ஒண்ணு செய்யச் சொல்றேன்."