ஒரு சுண்டு முந்திரிகை வத்தலின் எடை

திருகோணமலை நகரத்தில் 'வீட்டுத் தயாரிப்பு உணவு அளவைகளைச் சீராக்கும் விசேட பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவருக்கு அங்கே இருக்கக் கதிரை தருவார்கள். அண்மையில் அது ஒரு சுற்றறிக்கை விட்டது: இனிமேல் எந்தச் சமையற் குறிப்பிலும் சுண்டு, கோப்பை, கைப்பிடி ஆகியன செல்லா, யாவும் கிராமில் இருத்தல் வேண்டும்.

கிண்ணியா ஸுல்பிகா பழக் கேக் செய்து விற்பவர். ஹோட்டல் ஒன்று அவரிடம் நானூறு துண்டுக்கு ஓடர் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அளவைச் சான்றிதழ் வராவிட்டால் ஓடர் வேறு ஆளுக்கு. பாவம், அதை நம்பிப் புது ஓவனும் வாங்கிவிட்டார். ஆகவே திங்கட்கிழமை காலை அளக்கிற தகரச் சுண்டும், கேக்குக்குப் போடுகிற உலர்ந்த திராட்சையான முந்திரிகை வத்தலுமாக வந்து நின்றார்.

"குறிப்பில என்ன கிடக்கு?" என்று கேட்டார் உதவிப் பணிப்பாளர் கனகரத்தினம்.

"ரெண்டு சுண்டு வத்தல், சேர்."

"கிராமில சொல்லுங்கோ."

"அதைக் கேக்கத்தானே வந்தனான்."

எழுதுவினைஞர் முனீப் ஒரு சுண்டு நிரப்பித் தராசில் வைத்தார். நூற்றைம்பது கிராம்.

ஸுல்பிகாவுக்குப் பொறுக்கவில்லை. "வத்தலைச் சும்மா கொட்டி அளக்க ஏலாது, சேர். அமத்தி அளக்கவேணும்." அவர் அமத்தி நிரப்பினார், நூற்றுத் தொண்ணூறு. முனீப் அமத்தினார், இருநூற்றிப் பத்து. கனகரத்தினத்தின் கட்டைவிரல் பெரியது, இருநூற்றி முப்பது.

"இதில எது சரி, சேர்?"

"பதவிப்படி பாத்தா என்னுடையதுதான்."

அப்படியே அலுவலகக் கோவையில் எழுதப்பட்டது: 'மேற்படி வத்தல், உதவிப் பணிப்பாளரின் வலது கட்டைவிரலால் அமத்தப்பட்ட நிலையில், சுண்டொன்றுக்கு 230 கிராம்.' ஒப்பம் மட்டும் பாக்கி. புதன்கிழமை கனகரத்தினத்துக்கு அம்பாறைக்கு மாற்றம் வந்தது. கட்டைவிரலும் கூடவே போய்விட்டது.

புதிதாக வந்த சுதர்ஷிகா கோவையைக் கவனமாகப் படித்தார்.

"இதில உள்ள விரல் என்னுடையது இல்லையே. நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது?"

"அப்ப எனக்குச் சான்றிதழ், மிஸ்?"

"அவசரப்படாதேங்கோ. விரலைத்தான் நிரந்தரமாக்கவேணும்."

அம்பாறைக்கு ஆள் போய் அளவெடுத்து வந்தது. வியாழக்கிழமை தச்சர் ஒருவர் நூறு மரக் கட்டைவிரல்கள் கடைந்து கொடுத்தார். வெள்ளி காலை அறிவித்தல் ஒட்டினார்கள்: விண்ணப்பதாரர் அரச கட்டைவிரல் ஒன்றைப் பெற்று, அதனால் அமத்திக் காட்டினால் உடனே சான்றிதழ். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை.

ஸுல்பிகா முதல் பஸ்ஸில்தான் வந்தார். அதற்குள் வரிசை பஸ் நிலையம் வரை போயிருந்தது. வெயிலில் நகர்ந்து நகர்ந்து, பதினொரு மணிக்கு அவருக்கு முன்னால் ஒரே ஒருவர் நின்றார். முனீப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, மிஞ்சிக் கிடந்த இரண்டு விரல்களையும் எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

ஸுல்பிகா அந்த ஆளை மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணன், நீங்கள் என்ன கேக் செய்யிறனீங்கள்?"

"கேக்கோ? எனக்குக் குசினிப் பக்கமே தெரியாது, தங்கச்சி. வரிசை நிண்டுது, நானும் நிண்டனான். பிறகு கிடைக்காமப் போனால்?"

ஓடர் அன்று பின்னேரமே கைமாறியது.

அந்த இரண்டு விரல்களும் என் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் கொடுக்கிற யோசனை இல்லை.