டீமுக்கே வந்த மஞ்சள்காமாலை

அருப்புக்கோட்டையில் மானம் என்று மொத்தம் எவ்வளவு இருந்ததோ, அதில் முக்கால்வாசியைப் பஞ்சர் அண்ணாச்சி ஒருவரே வைத்திருந்தார். மிச்சத்தைத்தான் ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கபடியில் தோற்றுவிட்டு வருகிறவர்கள் நாங்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்குப் போகிறவர் அவர்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். திருச்சுழி ரோட்டில் பழைய டயர்களை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டியதால் எல்லோருக்கும் அவர் பஞ்சர் அண்ணாச்சி. வாழ்நாளில் ஒரு நாளும் கபடி ஆடாதவர். நாலு எட்டு வேகமாக நடந்தாலே மூச்சு இரைக்கும். ஆனால் எங்கள் அணியைப் பற்றிப் பேசும்போது "நாம போன வாரம் காரியாபட்டியில புடிச்ச பிடி இருக்கே" என்றுதான் ஆரம்பிப்பார்.

எங்கள் அணி என்பது ஒரு பஞ்சாலையின் அணி. சில வருடங்களுக்கு முன்னால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து எங்களைப் பொறுக்கியெடுத்து, மில்லில் வேலையும் கொடுத்து, பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் தங்கவும் வைத்திருந்தார்கள். பகலில் ஷிப்டு. மாலையில் வேன் ஏறினால் ஏதாவது ஓர் ஊர்த் திருவிழாவில் கபடி. தை மாதம் தொடங்கினால் ஆடி வரை இப்படித்தான். நான் இடது மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவன்.

தையிலும் மாசியிலும் எங்களை யாராலும் அசைக்க முடியவில்லை. ஜெயித்த மறுநாள் அண்ணாச்சி கடையில் எல்லா வண்டிக்கும் காற்று இலவசம். தோற்றால் கடையே திறக்க மாட்டார். அதனால் ஆணி குத்திய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்கூட, "மில்லுப் பயலுக ஜெயிச்சாங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

ஆனி மாதம் பிறந்ததும் எங்களுக்குக் காற்று இறங்க ஆரம்பித்தது.

முதலில் மல்லாங்கிணறு. எங்கள் கேப்டன் செல்வம் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனவன், நட்ட நடுவில் நின்று நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். பாட்டு அறுந்துவிட்டது, அவுட் என்று நடுவர் கையைத் தூக்கினார். வாயைத் திறந்துதானே வைத்திருந்தான், அதெப்படி அவுட் ஆகும் என்று நாங்கள் வாதாடினோம். வாதாடும்போதே எங்களில் இன்னொருவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அடுத்தது திருச்சுழி. எதிரில் மீசை முளைக்காத காலேஜ் பையன்கள். பாடி வந்தவனின் கணுக்காலை நான் பாய்ந்து பிடித்தேன். உயிரே போனாலும் விடுவதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு தொங்கினேன். கூட்டம் ஓவென்று கத்தியது. சாதித்துவிட்டோம் என்று கண்ணைத் திறந்தால், நான் பிடித்திருந்தது வலது மூலையில் நிற்க வேண்டிய எங்கள் ஆளின் கால். பாடி வந்தவன் இரண்டு பேரையும் சாவகாசமாகத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அன்றைக்கு வேனும் மக்கர் செய்யவே பஸ்ஸில் வந்தோம். மில்லின் பெயர் தெரியக் கூடாதென்று பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டோம். பக்கத்து சீட்டு அக்கா ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க மில்லு டீமா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. கேட்டரிங்கு" என்றான் செல்வம்.

அண்ணாச்சி கடை வாசலில் இறங்குவதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கினோம். பார்த்தால், எங்கள் முகத்தில் முழிக்கக் கூடாதென்று அவரும் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். அவர் சுவரைப் பார்த்தார். நாங்கள் சாக்கடையைப் பார்த்தோம்.

திருஷ்டிதான் என்று முதலில் அவர் முடிவு கட்டினார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து லைன் வீட்டில் ஆளுக்கொன்று கட்டிவிட்டார். அதற்கும் மசியவில்லை என்றதும் ஆட்டுக்கால் சூப்பு. சட்டியோடு கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். சூப்பைக் குடித்துவிட்டுப் போய் இன்னும் இரண்டு ஊரில் தோற்றோம். அதோடு எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு என்ன கேடு என்று எங்களுக்கே தெரியும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. "வெளையாட முடியலைன்னா சொல்லிருங்கப்பா, வேற ஆளு எடுத்துக்கிறோம்" என்று மில் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பிலேயே எங்கள் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை செல்வத்தின் பைக் பஞ்சர். பக்கத்தில் வேறு கடை இல்லாததால் அண்ணாச்சியிடமே தள்ளிக்கொண்டு போனான். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று அண்ணாச்சி ட்யூபைத் தேய்த்தபடியே வார்த்தைகளைக் கோத்திருக்கிறார். கோத்து முடித்து நிமிர்ந்தால், செல்வம் டயர்க் குவியலின் மேல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஈ ஒன்று உதட்டில் உட்கார்ந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

தட்டி எழுப்பினார். "ஏலே, நேத்து எங்க தூங்குன?"

"வேன்ல அண்ணாச்சி."

"முந்தாநேத்து?"

"அதுவும் வேன்லதான்."

"அப்ப வீட்டுக்கு எதுக்குலே போறீக?"

"குளிக்க. குளிச்சா ஷிப்டுக்கு நேரமாயிரும்."

மில்லில் எங்களைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். பஞ்சருக்குக் காசு வாங்கவில்லை என்று செல்வம் வந்து சொன்னான். அவன் கிளம்பிய கையோடு அண்ணாச்சி செய்த காரியம் எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு ஆட்டம். அந்த ஊர் விழாக் கமிட்டித் தலைவர் காளிமுத்து என்ற பெரியவர். அவருக்கு அண்ணாச்சி போன் போட்டிருக்கிறார்.

"எங்க டீமுக்கு மஞ்சக்காமால. வர முடியாது."

"அடப்பாவமே. எத்தன பேருக்குங்க?"

"எல்லாத்துக்கும்."

"வெளிய உக்காந்திருப்பாகளே, மாத்து ஆளுக?"

"அவுகளுக்குத்தான் மொதல்ல வந்துச்சு."

இதே செய்தி மில்லுக்கும் போனது. ஒட்டுவாரொட்டி என்று பயந்து மேனேஜர் ஒரு வாரத்துக்கு எங்களை கேட் பக்கமே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன ஏது என்று விசாரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. படுத்துவிட்டோம்.

ஞாயிறு மத்தியானம் யாரோ என் இமையை இழுத்துப் பார்த்தார்கள். விழித்தால், லைன் வீடு முழுக்க ஆட்கள். காளிமுத்து லோடு ஆட்டோ பிடித்து, ஒரு வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் அண்ணாச்சி. காமாலை வந்தவர்போல் அவர் முகம்தான் வெளிறிக் கிடந்தது. அவர் கிளப்பிவிட்ட பொய் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

வைத்தியர் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தார். கீழாநெல்லியை அரைத்து எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஆளுக்கொன்று வாயில் போட்டார். அந்தக் கசப்பைச் சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. செல்வம் கண்ணீரோடு விழுங்கினான்.

"ஒரு வாரத்துக்கு உப்பு, எண்ணெ ஆகாது. கஞ்சிதான்" என்றார் வைத்தியர்.

"பயலுகளுக்கு நல்லானா எங்க அம்மனுக்குப் பொங்க வைக்கிறதா வேண்டியிருக்கோம்" என்றார் காளிமுத்து. தூங்குவதுபோல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் பார்க்க எனக்கு முகம் இல்லை.

ஒரு வாரம் உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்கினோம். உடம்பு தேறத் தேற வெட்கமும் தேறியது. அடுத்த ஞாயிறு பொங்கலுக்கு வரச்சொல்லி காளிமுத்து ஆள் அனுப்பினார். போகாமல் இருக்கவும் முடியாது. எங்களோடு அண்ணாச்சியும் வந்தார். வழி நெடுக, "யாரும் வாயத் தெறக்கக் கூடாது. மில்லுக்குத் தெரிஞ்சா உங்க சோத்துல மண்ணு" என்று எச்சரித்துக்கொண்டே வந்தார்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. பொங்கல் பொங்கிக் குலவை போட்டார்கள். பூசாரி எங்களை வரிசையாக நிறுத்தித் திருநீறு பூசிக்கொண்டே வந்தார். கடைசியில் நின்ற அண்ணாச்சியின் நெற்றிக்குக் கை போனபோது, அவர் சட்டென்று இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"எனக்குப் பூசாதீக. காமாலயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயலுக தூங்கி மாசக் கணக்காச்சு. நான்தான் பொய் சொன்னேன். அவுகளுக்குத் தெரியாது. என்னைய என்ன வேணாலும் செய்ங்க, மில்லுல மட்டும் சொல்லிறாதீக."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எங்களுக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அத்தனை தோல்வியிலும் நாங்கள் அப்படிக் கூனிக் குறுகியதில்லை.

காளிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். "அது அன்னைக்கே தெரியும்யா. கண்ணு அம்புட்டும் வெள்ள வெளேர்னு இருந்துச்சே."

அண்ணாச்சி துண்டை விலக்கினார். "தெரிஞ்ச பெறகு எதுக்கு இந்தப் பயலுகளுக்குக் கீழாநெல்லி குடுத்தீக?"

"பொய்க்கு" என்றார் பக்கத்தில் நின்ற வைத்தியர்.

"அப்ப இந்தப் பொங்க?"

"சாமிக்கு வேண்டியாச்சுல்ல. வச்சுத்தான ஆகணும்" என்றார் காளிமுத்து. "உக்காருங்க, எல போட்டாச்சு. இன்னைக்கு உப்பு உண்டு."

மில்லுக்கு அந்த ஊரிலிருந்து ஒரு வார்த்தை போகவில்லை.

ஆடியில் சீசனின் கடைசிப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. அரையிறுதி வரை வந்தோம். செல்வம் பழைய செல்வமாகப் பாடினான். நானும் எதிரணிக் கால்களை மட்டுமே பிடித்தேன். ஆனாலும் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். கூட்டம் கலைந்த பிறகும் மைதானத்து ஓரத்தில் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஊர்க்காரர் முன்னாலேயே தோற்றாயிற்று. அண்ணாச்சி இந்நேரம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார் என்று நினைத்தேன்.

அவர் கையில் ஒரு பெரிய பையோடு வந்தார். மூச்சு வாங்கியது. எங்கள் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீகளா?"

"இல்ல அண்ணாச்சி."

பைக்குள்ளிருந்து எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கையாலேயே பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊற்றி ஆளுக்கொரு இலையாக நகர்த்தினார். கையைக் கழுவிவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லைபோலிருக்கிறது. புரோட்டாவில் டயர் வாசம் தூக்கலாக அடித்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் புரோட்டா சாப்பிட்டுவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வாசம்தான் எதிலும் இல்லை.