குகைக்குப் போகும் சுதந்திரம்

மனித குலத்துக்குச் சுதந்திரம் வழங்கிய மகான்களை வரிசையாக உட்காரவைத்தால், ஷாதிபூர் நந்தகுமாருக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும். பின்வரிசையில் போட்டாலும் பாதகமில்லை; அவரே எழுந்து முன்னால் வந்துவிடுவார்.

ஞாயிறுதோறும், தீவிலுள்ள அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு வேடம். நடத்துநர் சூழ்நிலையைச் சொல்வார். ஆடுபவர்கள் தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். நடத்துநர் நந்தகுமார். அவர் மனைவி ஷோபனா டீச்சர் போர்வீராங்கனை. அபர்தீன் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆமிர் திருடன். ஷோபனாவின் பள்ளியிலேயே வேலை பார்க்கும் உமா மகேஸ்வரி மந்திரக்காரி.

"இது உங்க கதை," என்று நந்தகுமார் பிரகடனம் செய்வார். "முடிவு உங்க கையில. நான் வெறும் சேவகன்."

சேவகன் ஒரு மாதம் கண்விழித்து ஒரு குகையைப் படைத்திருந்தார். உள்ளே பூதம், புதையல், பூதம் பேச அடுக்குமொழி வசனம்.

"நாங்க இடது பக்கம் போறோம்ணே," என்றான் ஆமிர்.

இடது பக்கம் ஒரு குகை இருந்தது.

"அப்ப வலது பக்கம்."

நந்தகுமார் கண்ணை மூடித் திறந்தார். "வலது பக்கம்... ஒரு குகை."

"அரே அண்ணே, அதே குகையா?"

"இது வேற வாசல்."

உமா மகேஸ்வரி கப்பலேறி, கடலுக்கு அக்கரையிலுள்ள மெயின்லேண்டுக்குப் போகிறேன் என்றாள். உடனே புயல் அடித்துக் கப்பல் ரத்தானது. தீவில் இது சகஜம் என்பதால் அவள் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் புயலுக்கு ஒதுங்க ஊரில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது எது என்று சொல்லத் தேவையில்லை.

"நான் உள்ள வரல," என்றாள் ஷோபனா. "வாசல்லயே டீக்கடை போடறேன்."

"பூதம் வந்து அடிக்கும்."

"வரட்டும். அதுக்கும் ஒரு டீ குடுப்பேன். குடிக்குதா இல்லையான்னு பகடை சொல்லட்டும்."

உருட்டினாள். இருபது.

"குடிச்சிருச்சு! பூதம் டீ குடிச்சிருச்சு!" ஆமிர் மேசையைத் தட்டிக் குதித்தான்.

சுதந்திரத்தின் காவலருக்கு முகம் சிவந்தது. "பகடை சாய்ஞ்சு விழுந்திருக்கு. செல்லாது."

உமா மகேஸ்வரி சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு டீக்கடைதான் சரிக்கா. ஹெட்மிஸ்ட்ரஸ் போஸ்டையே வேண்டாம்னவங்களாச்சே," என்றாள்.

"யாரு வேண்டாம்னா?"

"ரங்கத் ஸ்கூலுக்கு உங்களுக்குத்தானே பிரமோஷன்? டீச்சருக்கு விருப்பமில்லைன்னு நம்ம சார் கல்வி ஆபீசுக்கு போன்ல சொன்னாராமே..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷோபனா அந்தப் பதவிக்காகப் பல வருஷமாகக் காத்திருந்தவள். அவள் கை இன்னும் பகடை மேலேயே இருந்தது.

"உன்னைக் கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் நந்தகுமார் கனிவோடு. "வீணா எதுக்கு உனக்குச் சிரமம்னு நானே சொல்லிட்டேன்."

"கேட்டிருந்தா, போறேன்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை அந்த மேசை அதுவரை கேட்டதில்லை. ஷோபனா எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் அவளே கல்வி அலுவலகத்துக்குப் போய், தனக்குச் சம்மதம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தாள். கணவரைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. அந்த வாரமே ரங்கத் பஸ்ஸில் ஏறினாள். நந்தகுமார் வழியனுப்ப வரவில்லை. "நான்தான் அனுப்பி வெச்சேன். பெண்களுக்குச் சுதந்திரம் குடுக்கணும், பாருங்க," என்று பக்கத்து வீட்டாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வழக்கம்போல் கூடியது. ஒரு நாற்காலி காலி.

"அண்ணி வேஷத்தை என்ன பண்றது?" என்று ஆமிர் கேட்டான். "போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"எதுக்கு?" என்றார் நந்தகுமார். "அவ நல்லா யோசிச்சு, முழு மனசோட, குகைக்குள்ள போயிட்டா."

நந்தகுமார் இன்றுவரை யாருடைய முடிவிலும் தலையிட்டதில்லை. எல்லார் முடிவையும் அவரே எடுத்துவிடுவதால், தலையிட அவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.