நில்லுடி, நானா நடக்கறவன்!

"நடக்க மாட்டேன்! ஒரு அடிகூட நடக்க மாட்டேன்!"

நாற்காலியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு டிரைவர் சபதம் போட்டார். உட்கார்ந்தபடியே பஸ்ல ஊரைச் சுத்தின மனுஷன். இப்போ இதயம் பலவீனம். சாப்பாட்டை விட மாத்திரை அதிகம்.

ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி சொல்லிக்குடுக்கற பொண்ணு தெளிவாத்தான் சொல்லிச்சு: "ஐயா, இந்த மாத்திரை நாடித்துடிப்பை அடக்கி வைக்கும். கைக்கடிகாரத்துல காட்டற துடிப்பு எகிறலையேன்னு வேகமெடுக்காதீங்க. பேசிக்கிட்டே நடங்க. பேச்சு திணறினா மெதுவாப் போங்க. சும்மா உட்கார்ந்தா இன்னும் மோசமாகும்."

"ஏங்க, ஒரு சுத்து வாங்களேன்," மனைவி கெஞ்சினா.

"இதயம் என்னுது. ஓட்டறதும் நான், நிறுத்தறதும் நான்!"

"நிறுத்தறதா? வாயைக் கழுவுங்க!"

அவ கண்ணு கலங்கிச்சு. ஒரே நொடிதான். அப்புறம் செருப்பை மாட்டினா.

"உங்க தங்கச்சி கல்யாணத்துல எங்கப்பாவை நீங்க என்ன சொன்னீங்கன்னா..."

பாதியில விட்டுட்டுத் தெருவுல இறங்கிட்டா.

டிரைவர் சொத்தைக்கூட விட்டுக்குடுப்பார். கடைசி வார்த்தையை மட்டும் விடமாட்டார்.

"ஏய்! என்னடி சொன்னேன்? நில்லு!"

"ஊருக்கே கேக்கும். கிட்ட வந்து பேசுங்க."

கிட்டப் போனார். அவ நகர்ந்தா. சண்டை தையல்கடையைத் தாண்டிச்சு, சலூனைத் தாண்டிச்சு. அவருக்கு வார்த்தை திணறினா அவ நடை தளரும். "என்ன, பதில் இல்லையா?" மூச்சு வந்ததும் பதில் வரும். அவளும் கிளம்புவா.

தினம் ஒரு பழைய சண்டை. சரக்கு தீர்ந்ததும், நடக்காததையெல்லாம் நடந்ததா சொல்லிப் புதுசா தயார் பண்ணினா.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில அவரை வராந்தாவுல நடக்கவிட்டுப் பார்த்துச்சு அந்தப் பொண்ணு.

"பிரமாதம் ஐயா! தினம் நடக்கறீங்க போல?"

"நானா? ஒரு அடி நடக்கல! இவகூட சண்டை போடவே நேரம் பத்தல!" நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னார்.

பொண்ணு மனைவியைப் பார்த்துச்சு. மனைவி மின்விசிறியைப் பார்த்தா. டிரைவருக்கு மெதுவா விளங்கிச்சு.

"அடிப்பாவி! இனிமே உன்கூட சண்டையே கிடையாது. வாயே திறக்க மாட்டேன்!"

"ரொம்ப நல்லதுங்க. பேசாம இருந்தா அழகாத்தான் இருக்கீங்க."

சொல்லிட்டு வாசலைப் பார்த்து நடந்தா.

"அப்போ இத்தனை நாள் அசிங்கமா இருந்தேனா? நில்லுடி!"

ஆஸ்பத்திரிக்கு பஸ்ல வந்த மனுஷன், திரும்பறப்போ பஸ் ஸ்டாப்பையும் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தார்.