கடலாமையின் முதுகில் ஒரு கோடு

லாம்போனின் உளி வழுக்கியது. கடலாமையின் வழவழப்பான முதுகில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

ஏகினா தீவின் வெள்ளிக்காசுக்கான அச்சு அது. மண் பொம்மையில் பிசகினால் கொஞ்சம் மண்ணை அப்பிச் சரிசெய்யலாம். அச்சில் அப்ப முடியாது, தோண்ட மட்டுமே முடியும். அச்சில் விழுந்த பள்ளம் காசில் மேடாக எழும்பி நின்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும். புது அச்சு வெட்ட எட்டு நாள் வேண்டும். சபை உறுப்பினர் நிக்கோன் பார்வையிட வருவதோ இன்று நண்பகலில். அவருக்குப் பிடிக்காவிட்டால் வேலை லாம்போனின் மைத்துனனுக்குப் போய்விடும்.

"அந்தப் பக்கமும் ஒரு கோடு போட்டுடுங்கண்ணே. வேணும்னே போட்ட மாதிரி இருக்கும்," என்றான் காசுக்குச் சம்மட்டி அடிக்கும் சோசியாஸ்.

போட்டார். அச்சில் மெழுகை அழுத்தி எடுத்துப் பார்த்தார்கள். கயிறு கட்டிய மூட்டைக்குத் தலை முளைத்தது போல இருந்தது.

"இன்னும் நாலு கோடு போட்டா மூட்டை மறைஞ்சிடும்."

மூட்டை மறைந்தது. முதுகு கட்டம் கட்டமாக ஆனது. அந்தக் கனத்த ஓட்டுக்கு முன்னால் துடுப்புக்கால்கள் நூலாகத் தெரிந்தன. லாம்போன் அவற்றை அகலமாகத் தோண்டினார். கால்கள் தூண்களாயின. நுனியைச் சீராக்கப் போய் நகங்கள் வேறு முளைத்தன.

ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்த மனைவி மிர்த்தோ, மெழுகைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கொல்லையில கீரை மேயுமே, அந்த ஆமையா?"

"கடலாமைடி."

"கடல்ல போட்டா மூழ்கிச் செத்துடும்."

சோசியாஸ் சிரித்தான்.

"எல்லாம் உன் யோசனைதானடா," என்று லாம்போன் உளியை ஓங்கும்போது நிக்கோன் உள்ளே வந்தார்.

மெழுகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவரின் முகம் வெளிறியது. திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தப்பு என்னோடதுதான் ஐயா. உளி வழுக்கி..."

"உளியாவது, வழுக்கறதாவது. கப்பலையெல்லாம் ஏதென்ஸ்காரன் புடுங்கிட்டான், இனி நமக்குக் கடலாமை எதுக்கு, தரையாமையே போதும்னு நேத்துதான் சபையில முடிவு பண்ணினோம். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற."

நிக்கோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கள்ல எவன் உன்கிட்ட உளறினான்? பேரைச் சொல்லாம இங்கேருந்து நகர முடியாது."